கடைசி நாட்களில் வலி எதற்கு?

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொண்டு போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

இந்த வார்த்தைகளை ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அப்பாவுக்காகக் கேட்டிருப்பீர்கள், அல்லது மாமியாருக்காக. கேட்ட மாத்திரத்தில் நமக்குக் காது அடைத்துப் போகிறது. நல்லபடியாகப் பார்த்துக்கொள்வது என்றால் எப்படி என்று திருப்பிக் கேட்க நாக்கு எழுவதில்லை. நோயாளியை வேனில் படுக்க வைத்து, சிம்பாங் பூலாய் பாதையில் வளைவுக்கு வளைவு அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டே மலைக்கு வந்து சேர்கிறோம். வந்ததும் ஒரு பாய், ஒரு சொம்பு, சுவரோரம் ஒரு மூலை. அவ்வளவுதான் நாம் அறிந்த பராமரிப்பு.

அந்த "எப்படி" என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது அல்லவா?

என் பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். காய்ச்சல் என்று அரை நாள் படுத்தவர் அல்ல. அவருக்கு மார்பில் புற்றுநோய் வந்து, அது முதுகெலும்பு வரை போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மேலே சொன்ன அதே வார்த்தையைச் சொல்லி, ஒரு பாட்டில் மருந்துத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் யாருக்கும் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியவில்லை. "டீச்சர், நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று அண்ணி என் கையில் கொடுத்தார்.

படித்தேன். மார்ஃபின் என்று இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும் என்றும் தெளிவாகவே எழுதியிருந்தது. அதற்கு மேல் நான் என் சொந்த அறிவைச் சேர்த்தேன். "இது அபின்லேருந்து எடுக்கிற மருந்து அண்ணி. பழக்கமாயிடும். ரொம்பத் தாங்க முடியாதப்ப மட்டும் குடுங்க."

படித்தவள் சொன்னால் மறுபேச்சு உண்டா? பாட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பெரியம்மாவோ தாங்குவதில் பேர் போனவர். முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். லயத்து வீட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ராத்திரி முழுவதும் அந்தச் சத்தம் கேட்கும். கடைசியில் முடியாமல் போய் அவரே கேட்கும்போது வலி உச்சத்துக்கு ஏறியிருக்கும். அப்போது கொடுத்தால் வாந்தி வரும். "மருந்து ஒத்துக்கல" என்று அடுத்த வேளையை இன்னும் தள்ளிப் போடுவார்கள். இப்படியே நாற்பத்தொரு நாட்கள். அவர் போன பிறகு பார்த்தால் பாட்டிலில் முக்கால்வாசி மருந்து அப்படியே இருந்தது.

பிற்பாடு ஈப்போவில், இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் மிஸ்ஸி ஒருவரிடம் பேச நேர்ந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை. "எல்லா வீட்லயும் இதான் நடக்குது டீச்சர்" என்றார். அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தாய்மார்களே, நீங்கள் காலையில் மலைக்குப் போகும்போது வானம் வெளுத்திருந்தாலும் பிளாஸ்டிக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டுதானே போகிறீர்கள்? நனைந்து நடுங்கிய பிறகு சுற்றிக்கொண்டால் என்ன பயன்? வலி மருந்தும் அப்படித்தான். வலி வருவதற்கு முன்னால், மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு வேளை மருந்தின் வேலை முடிவதற்குள் அடுத்த வேளை உள்ளே போய்விட்டால் வலி தலை தூக்காது. கொஞ்ச மருந்திலேயே நோயாளி தூங்குவார், பேசுவார், பேரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார்.

பார்க்கப் போனால் சின்ன விஷயம். ஆனால் இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்ட ஒரு பெண் பாதி ஆயுளைச் செலவிட்டிருக்கிறார். அவர் பெயர் சிசிலி சாண்டர்ஸ். 1918-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதலில் நர்ஸ். முதுகு வலியால் அந்த வேலை முடியாமல் போகவே, ஆஸ்பத்திரிச் சமூகநல ஊழியர் ஆனார். அப்போது போலந்திலிருந்து வந்து, உற்றார் உறவினர் யாருமில்லாமல் லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற இளைஞரைச் சந்தித்தார். சாகிறவர்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசிக்கொள்வார்களாம். 1948-இல் அவர் இறந்தபோது தம்மிடம் இருந்த 500 பவுனை அந்த இல்லத்தின் ஒரு ஜன்னலுக்கென்று சிசிலிக்கு விட்டுச் சென்றார். ஜன்னலுக்குப் பணம் வந்துவிட்டது. சுவர் எழும்ப 19 வருடம் ஆயிற்று! நோயாளிகளின் வலியைப் பற்றிப் பேச வேண்டுமானால் டாக்டராக இருந்தால்தான் மற்ற டாக்டர்கள் காது கொடுப்பார்கள் என்று கண்டு, அந்த வயதுக்கு மேல் மருத்துவம் படித்து 1957-இல் டாக்டர் ஆனார். 1967-இல் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது.

ஹாஸ்பிஸ் என்றால் சாகக் கொண்டு போடும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். நோயைக் குணமாக்க முடியாது என்று ஆன பிறகும், நோயாளியின் வலியை, மூச்சுத் திணறலை, புண்ணை, பயத்தைத் தணிப்பதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. அந்த வைத்தியம்தான் நோய் தணிப்புச் சிகிச்சை. அது ஒரு கட்டடத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. வீட்டிலேயே நடக்கலாம். வலி உடம்பில் மட்டும் இல்லை, பிள்ளைகளைப் பற்றிய கவலையும் பணக் கவலையும் சேர்ந்ததுதான் வலி என்பது சிசிலி அம்மையார் கண்ட இன்னோர் உண்மை. இதை நம் கிழவிகள் படிக்காமலேயே சொல்வார்கள்!

1986-இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே விதியாக எழுதி வைத்தது. முடிந்தவரை ஊசி இல்லாமல் வாய் வழியே மருந்து. மணி பார்த்து மருந்து. சாதாரண மாத்திரையில் தொடங்கி, போதாவிட்டால் படிப்படியாக மார்ஃபின் வரை.

லண்டனில் கட்டடம் கட்டினார்கள், சரி. ஏழை நாட்டில் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு பதில் நம் பக்கத்து வீடான சிங்கப்பூரில் தயாரானது. ஆன் மெரிமன் என்ற டாக்டர் 1980-களில் அங்கே பணியாற்றியபோது, மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் மலிவான முறையைப் பயன்படுத்தினார். 1993-இல் அதையே ஆப்பிரிக்காவில் உகாண்டாவுக்குக் கொண்டு போனார். டாக்டர்கள் மிகக் குறைவான அந்த நாட்டில், தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்களே மார்ஃபின் எழுதிக் கொடுக்கலாம் என்று 2004-இல் சட்டம் செய்தார்கள். உலகத்தில் வேறெந்த நாடும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. ஏழை நாடு பணக்கார நாடுகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் என் மனதை முழுவதும் பிடித்துக்கொண்டது நம் தமிழ்நாட்டுக்கு அடுத்த வீடான கேரளம்தான். அங்கே கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால் என்ற மயக்க மருந்து நிபுணரும், டாக்டர் சுரேஷ்குமாரும், சில நண்பர்களும் சேர்ந்து 1993-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வலியோடு வருகிறவர்களைப் பார்ப்பதற்கு ஒரு சின்ன அறை. மார்ஃபின் கிடைப்பதே குதிரைக் கொம்பு. இந்தியாவில் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து, வைத்தியத்துக்கான மார்ஃபினைக் கூட மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் தொடாமல் விட்டிருந்த காலம் அது. கஞ்சாக்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில் புற்றுநோய்க்காரன் மாட்டிக்கொண்டான். 2014-இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

அறைக்குக் கூட்டம் வந்தது. அப்புறம்தான் அவர்களுக்கு ஓர் உண்மை புரிந்தது. நடந்து வர முடிந்தவர்கள்தான் வருகிறார்கள். எழுந்திருக்கவே முடியாதவர்கள் எங்கோ ஒரு குடிசையில், ஓலைத் தட்டிக்குப் பின்னால் கிடக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போவது யார்? டாக்டர்களுக்கு நேரமில்லை. நர்ஸ்கள் போதாது. அப்படியானால் அக்கம்பக்கத்தார்தான்.

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று ஓர் ஊரில் சேரும். கடைக்காரர், ஓட்டுநர், வீட்டுப் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார், மாணவர்கள், கூலி வேலை செய்பவர்கள். யாருக்கும் வைத்தியம் தெரியாது. பதினாறு மணி நேரப் பாடம். அப்புறம் அனுபவமுள்ளவர்களோடு நாலு முறை நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. அவ்வளவுதான் பயிற்சி. பிறகு வாரத்தில் சில மணி நேரம் தங்கள் ஊரிலுள்ள நோயாளிகளைப் போய்ப் பார்ப்பார்கள். மருந்தும் புண்ணும் நர்ஸ், டாக்டர் பொறுப்பு. உட்கார்ந்து பேசுவது, குளிப்பாட்டுவது, வீட்டில் அரிசி இல்லையென்றால் அரிசிக்கு வழி செய்வது, அம்மாவைக் கவனிப்பதற்காகப் படிப்பை நிறுத்திய பிள்ளையை மறுபடி பள்ளிக்கு அனுப்புவது, இதெல்லாம் ஊர்க்காரர் பொறுப்பு. பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அதே ஊர் மக்கள் போடும் சில்லறைக் காசிலிருந்து. மலப்புறம் போன்ற மாவட்டங்களில் இது ஊர் ஊராகப் பரவிவிட்டது. 2008-இல் கேரள அரசு இதையே தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. இப்போது பஞ்சாயத்துகள் இதற்கென்று நர்ஸ் வைத்து வீடு வீடாக அனுப்புகின்றன. புற்றுநோய் மட்டுமல்ல, வாதத்தில் விழுந்தவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், தள்ளாத முதியோர், எல்லாரும் இதில் அடக்கம்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இந்த அக்கம்பக்கம் என்ற சங்கதியை அவர்கள் சிரமப்பட்டு உண்டாக்கினார்கள். நமக்கோ அது பிறக்கும்போதே கிடைத்திருக்கிறது. ஒரு சாவு விழுந்தால் நம் தோட்டத்தில் என்ன நடக்கிறது? யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். பந்தல் தானே எழும்பும். ஒருவர் வீட்டிலிருந்து அண்டா, இன்னொருவர் வீட்டிலிருந்து அரிசி. இளைஞர்கள் குழி வெட்டப் போய்விடுவார்கள். மரண சகாய நிதியிலிருந்து காசு வந்துவிடும். பதினாறாம் நாள் வரை அந்த வீட்டில் ஆள் இருந்துகொண்டே இருக்கும். பெரியம்மாவுக்கும் அப்படித்தான் வந்தார்கள், இருநூறு பேருக்குக் குறையாமல். அதற்கு முந்திய நாற்பத்தொரு நாளும் அண்ணி தனியாகக் கிடந்து அல்லாடினார். நோயாளி வீட்டுக்குள் நுழைய எல்லோருக்கும் தயக்கம். என்ன பேசுவது? ஆரஞ்சும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பியவர்கள்தான் அதிகம். சிலர், தொற்றிக்கொள்ளுமோ என்றும் பயந்தார்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டும் வியாதி அல்ல.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரில் 1991-இல் தொடங்கிய ஹாஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீட்டுக்கே நர்ஸையும் டாக்டரையும் அனுப்புகிறது. கட்டணம் கிடையாது. பினாங்கில் 1992 முதல் தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கிளை இதைச் செய்துவருகிறது. ஈப்போவிலும் பேராக் நோய் தணிப்புச் சங்கம் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முதன்முதலாக இதற்கென்று ஒரு பிரிவு 1995-இல் திறந்தது தலைநகரில் அல்ல, சபாவில், கோத்தா கினபாலு குவீன் எலிசபெத் ஆஸ்பத்திரியில். 2019-இல் சுகாதார அமைச்சு இதற்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குக் கிளினிக் கெசிஹாத்தான் ஊழியர்கள் வந்து பார்க்கும் திட்டமும் இருக்கிறது, எல்லாக் கிளினிக்கிலும் இல்லாவிட்டாலும்.

ஆனால் இவையெல்லாம் பட்டணத்தைச் சுற்றித்தான். நம் மலைப் பாதையையும், பிரிஞ்சாங்கில் விடுமுறை நாளில் நிற்கும் கார் வரிசையையும் தாண்டி ஒரு மிஸ்ஸி கோலா தெர்லாவுக்கு வாரம் இரண்டு முறை வருவார் என்று நான் கனவு காணவில்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது, கிடைப்பது நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத்தான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த மீதி எண்பத்தாறில் நம் லயத்தாரும் இருக்கிறார்கள்.

எனவே நீங்களே செய்யக் கூடியது என்ன?

"வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று சொன்ன அந்த இடத்திலேயே, வராந்தாவை விட்டு நகராமல் கேளுங்கள்: வலிக்கு என்ன மருந்து? எத்தனை மணிக்கு ஒரு தடவை? ராத்திரி தூக்கத்தில் என்ன செய்வது? வலி அதிகமானால் யாருக்குப் போன் செய்வது? நோய் தணிப்புப் பிரிவுக்குக் கடிதம் தருவீர்களா? கேட்டால்தான் பல சமயம் கடிதம் கிடைக்கும்.

மார்ஃபின் கொடுத்தால் சொன்ன அளவை, சொன்ன மணிக்குக் கொடுங்கள். வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் குடிப்பவர் போதைக்காரர் ஆகிவிடுவதில்லை. சாவையும் அது இழுத்துக்கொண்டு வராது. முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும். பெரும்பாலும் குறைந்துவிடும். குமட்டலுக்கு வேறு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கல் மட்டும் தானாகக் குறையாது. அதற்கும் முதல் நாளிலிருந்தே மருந்து வேண்டும். எழுப்பினாலும் எழாத மயக்கமாக இருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இடுப்பு வலிக்கிறது என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சொட்டும் தராதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மீந்தால் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நம் மலைக் குளிரில் துணி காய்வதில்லை. ஈரத் துணி முதுகுக்கு அடியில் இருந்தால் புண் வராமல் என்ன செய்யும்? சாப்பாடு இறங்காத நிலையில் வாயைத் திறந்து கஞ்சியைத் திணிக்காதீர்கள். "சாப்பிடாமலே போயிட்டாளே" என்று ஊர் பேசும் என்ற பயத்தில்தான் பாதி பேர் திணிக்கிறோம். சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் நாக்கையும் துடைத்து ஈரமாக வைத்தால் அதுவே அவருக்குப் பெரிய சுகம். புண்ணில் நாற்றம் வந்தால் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்த வேண்டாம். அதைக் குறைக்க மலிவான மருந்துத் தூள் இருக்கிறது, மிஸ்ஸியைக் கேளுங்கள்.

இன்னொன்று. நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா? நாங்கள் பெரியம்மாவிடம் கடைசி வரை வாயுக் கோளாறு என்றே சொன்னோம். "எனக்கு என்னடி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் கேட்டார். அப்போதும் நான் சிரித்து மழுப்பினேன். சுங்கை சிப்புட்டில் அவருடைய தம்பி இருந்தார். ஏதோ ஒரு கல்யாண விஷயத்தில் பன்னிரண்டு வருடம் பேச்சில்லை. தமக்கு நாள் குறைவு என்று தெரிந்திருந்தால் பெரியம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். அவர் மாலையோடு வந்து பிணத்தின் காலடியில் விழுந்து அழுதார். போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அனுபவமுள்ள மிஸ்ஸிகள், "உங்க உடம்பப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று நோயாளியையே முதலில் கேட்கிறார்கள். அவர் கேட்கும் அளவுக்கு மட்டும் பதில் சொல்கிறார்கள். பாதி நேரம் அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. நமக்காக அவர் நடிக்கிறார், அவருக்காக நாம் நடிக்கிறோம்.

போன வருடம் எங்கள் லயத்தில் ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர் நுரையீரல் புற்றுநோயோடு ஈப்போவிலிருந்து வந்தார். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. நாலு பெண்களும் இரண்டு இளைஞர்களும் சேர்ந்தோம். புரட்டிப் படுக்க வைக்கவும் வாய் துடைக்கவும் கிளினிக் மிஸ்ஸி ஒரு மத்தியானம் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, மருந்து மணியையும் எந்த ராத்திரி யார் முறை என்பதையும் எழுதினோம். அவர் மனைவி பல வாரத்துக்குப் பிறகு ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினார். மண்டோர் ஐந்து வாரம் இருந்தார். தேத்தண்ணியில் சீனி பத்தவில்லை என்று கடைசி வாரம் கூட எங்களை அதட்டினார், பழைய பெரட்டுக் களத்துக் குரலில்! முதல் பாட்டில் தீர்ந்து, இரண்டாவது பாட்டிலுக்குத் தானா ராத்தாவுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தது அந்த இளைஞர்களில் ஒருவன்தான்.

அந்த நோட்டு இப்போது மேல் லயத்தில், டயாலிசிஸ் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஓர் அம்மாவின் வீட்டில் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி ராத்திரிகளுக்கு இன்னும் ஆள் எழுதப்படவில்லை.